சயாம் மரண இரயில்: நீதியும் உதவியும்

ஒரு நாடு இன்னொரு நாட்டு மக்களுக்கு இழைத்த கொடுமைக்கு எவ்வாறு ஈடு செய்வது? கொடுமை புரிந்தவரை மன்றத்தில் நிறுத்தித் தண்டிப்பது ஒரு வழி. கொடுமைக்கு ஆளானவரின் வாழ்வு மீண்டும் தழைக்கப் பொருளாலும் தொழிலறிவாலும் துணை நிற்பது மற்றொரு வழி. முன்னதை நீதி என்றும் பின்னதை உதவி என்றும் உலகம் வழங்குகிறது. இவ்விரண்டும் இணைந்து செல்லும்போது காயங்கள் ஆறுகின்றன. நீதி நிற்க வேண்டிய இடத்தில் உதவி வந்து அமர்ந்துவிட்டால், கணக்குத் தீர்ந்ததாக அரசுகள் எழுதிக்கொள்கின்றன. இழந்தவரோ இழந்தவராகவே இருந்துவிடுகிறார்.

இவ்வுண்மையை விளக்குவதற்கு மலேசியத் தமிழர் வேற்று நாட்டு வரலாற்றைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சயாம் மரண இரயில் என்று தோட்டப்புற மக்கள் பெயரிட்டழைக்கும் அந்தப் பாதையின் கதையும், அது முடிந்த பிறகு நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் கதையும் அதற்குப் போதுமான சான்றாகும். முதற்கதை பலருக்கும் தெரிந்தது. இரண்டாவது கதையோ பள்ளிப் பாடங்களில் இடம்பெறாதது.

கடலோரத் தோட்டங்கள்

மலாக்கா நீரிணையின் கரையில் அமைந்த போர்டிக்சன் இன்று உல்லாசப் பயணிகளின் ஊராக விளங்குகிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் உயர்பதவி வகித்த டிக்சன் என்பவரின் பெயரைத் தாங்கிய இவ்வூர், ஈயம் ஏற்றுமதி செய்வதற்கான துறைமுகமாகத் தோன்றியது. 1891-ஆம் ஆண்டில் செரம்பானையும் போர்டிக்சனையும் இணைத்து இரயில் பாதை போடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஈயத்தின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள் இவ்வட்டாரத்து லயங்களில் குடியேறினர். சுவா பெத்தோங், தானா மேரா, சுங்கை சாலாக் என்னும் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இம்மக்களைப் பாதுகாப்பதற்கென்று இரண்டு அரசுகள் சட்டம் இயற்றியிருந்தன. இந்திய அரசு 1922-ஆம் ஆண்டில் குடிபெயர்வோர் சட்டத்தை நிறைவேற்றித் தன் முகவர் ஒருவரை மலாயாவில் அமர்த்தியது. 1923-ஆம் ஆண்டின் மலாயாத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டுமென்று விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்விதியால் பிறந்தவை. 1938-ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகள் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளரின் குடிபெயர்வையே தடை செய்தது. குறைகள் பல இருந்தபோதிலும், ஒரு தொழிலாளி தனக்கு நேர்ந்த அநீதியை முறையிடுவதற்கு ஓர் அலுவலகமும் ஒரு சட்டமும் அன்று இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்தப் பத்து வாரங்களில் முறையிடும் வாயில்கள் அனைத்தும் அடைபட்டன. வெள்ளைக்காரத் துரைமார்கள் சிறைப்பட்டனர் அல்லது தப்பியோடினர். ரப்பரை ஏற்றிச் செல்லக் கப்பல் இல்லை. ஆகவே பால்வெட்டு வேலை இல்லை. வேலை இல்லாததால் கூலி இல்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப் போக, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. வயிறு காய்ந்திருந்த அந்த வேளையில்தான் சயாமுக்கு ஆள் எடுக்கும் செய்தி தோட்டங்களை எட்டியது.

பாதை உருவான கதை

பர்மாவில் போரிட்டுக்கொண்டிருந்த தன் படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் அனுப்பக் கடல்வழி ஆபத்தானதாக இருந்ததால், ஜப்பான் தரைவழியை நாடியது. சயாமின் நோங் பிலாடுக் என்னும் இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்தில், மலையும் காடும் ஆறும் கடந்து பாதை போடத் திட்டமிட்டது. 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை, 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இருமுனைப் பாதைகளும் கொன்குயித்தாவில் கூடியபோது முடிவுற்றது.

அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குறித்த காலத்திற்குள் பாதையை முடிக்க அவர்கள் தொகை போதாதபோது ஆசிய நாட்டுத் தொழிலாளர்கள் திரட்டப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000 பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தனர் என்றும் ஜப்பானியர் வைத்திருந்த கணக்கே கூறுகிறது. காட்டுக்குள் ஓடிப்போனதாக அதே கணக்கில் எழுதப்பட்டவர்கள் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினர் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. மலாயாவிலிருந்து சென்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள்.

நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, உணவும் இருப்பிடமும் இலவசம் என்னும் வாக்குறுதிகளை நம்பித் தொடக்கத்தில் சிலர் தாமாகவே சென்றனர். சென்றவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கிய பிறகு, தோட்டத்திற்கு இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. பெரட்டுக் களத்தில் கூடி நின்றவர்கள் அப்படியே லாரிகளில் ஏற்றப்பட்டனர். இலவசப் படக்காட்சி என்று அழைக்கப்பட்டு வந்தவர்கள், கதவுகள் அடைக்கப்பட்டு இரயில் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. சயாமுக்குச் செல்வதைக் காட்டிலும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வதே மேல் என்று இளைஞர் சிலர் முடிவு செய்ததும் அக்காலத்து நிலைமையைக் காட்டும்.

இம்மாநிலத்திலிருந்து ஆட்கள் மட்டும் செல்லவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. கெமாசிலிருந்து வடக்கே செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் நீண்ட பகுதியும் அவ்வாறே கழற்றப்பட்டது. அத்தண்டவாளங்கள் சயாமுக்குச் சென்றன. ஒரே மாநிலத்து இரும்பும் ஒரே மாநிலத்து உழைப்பும் ஒரே காட்டில் கொண்டுபோய்க் கிடத்தப்பட்டன. பின்னாளில் இவ்விரண்டுக்கும் நேர்ந்த கதி ஒன்றாக இருக்கவில்லை.

1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா பரவியது. போர்க்கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டுமென்னும் கட்டுப்பாடு இருந்தது. தமிழ்த் தொழிலாளரிடையே இவை எவையும் இல்லை. மனைவி மக்களுடன் சென்றோரும் அவர்களில் இருந்தனர். நோயுற்றவர்களைப் பார்ப்பதற்கென்று சிங்கப்பூர் சாங்கிச் சிறையிலிருந்து கைதி மருத்துவர்கள் இரண்டு அணிகளாகப் பின்னர் அனுப்பப்பட்டனர். தொழிலாளர் முகாம்களில் அவர்கள் கண்ட காட்சிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளே, பெயரற்று மாண்டவர்களைப் பற்றி எஞ்சிய எழுத்துச் சான்றுகளில் முதன்மையானவை.

தீர்ப்பு மன்றங்கள்

போர் முடிந்ததும் நாடுகள் ஒன்றுகூடி நீதி வழங்க முற்பட்டன. வரலாற்றில் அது புதிய முயற்சி. ஐரோப்பாவில் நியூரம்பர்க் நகரிலும் ஆசியாவில் தோக்கியோ நகரிலும் பன்னாட்டு மன்றங்கள் அமைந்தன. தோக்கியோ மன்றம் 1946-ஆம் ஆண்டு மே மாதம் கூடி, 1948-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. பதினொரு நாடுகளின் நீதிபதிகள் அதில் அமர்ந்தனர். சயாம் - பர்மா பாதையில் நிகழ்ந்த கொடுமைகள் அத்தீர்ப்பில் விரிவாக இடம்பெற்றன.

இந்தியாவின் சார்பில் அமர்ந்த நீதிபதி இராதாவினோத் பால் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கொடுமைகள் நிகழ்ந்ததை அவர் மறுக்கவில்லை. வென்றவர் தோற்றவரை விசாரிப்பது முழுமையான நீதியாகுமா என்பதே அவர் எழுப்பிய வினா. அவ்வினாவை மலாயாத் தமிழர் இன்னொரு வகையிலும் கேட்கலாம். மன்றத்தில் மலாயாவுக்காகப் பேசியது பிரிட்டன். பிரிட்டனின் குடிமக்கள் கைதிகளாக இருந்தனர். பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள் கூலிகளாக இருந்தனர். இருவருடைய துன்பமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டதா?

சிங்கப்பூரில் 1946 முதல் 1948 வரை பிரிட்டிஷ் இராணுவ மன்றங்கள் 131 வழக்குகளை விசாரித்தன. சயாம் பாதை தொடர்பான கொடுமைகளுக்காக 111 பேர் விசாரிக்கப்பட்டு 32 பேர் மரண தண்டனை பெற்றனர் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு. தண்டிக்கப்பட்டவர்களில் காவலர்களாகப் பணியாற்றிய கொரியர்களும் இருந்தனர். அவர்களது நாடும் அன்று ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்தது. இவ்வழக்குகளில் பெரும்பாலானவை போர்க்கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பற்றியவை.

இதற்குக் காரணம் நீதிபதிகளின் உள்ளம் மட்டுமன்று. சான்று திரட்டப்பட்ட முறையும் காரணமாகும். விடுதலை பெற்ற கைதிகள் ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் பெறப்பட்டது. அவர்களிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது, நாட்குறிப்பு இருந்தது, இன்ன நாளில் இன்னார் அடித்தார் என்று சொல்லும் வசதி இருந்தது. தோட்டத் தொழிலாளி எழுத்தறியாதவர். அடித்தவரின் பெயர் அவருக்குத் தெரியாது. இறந்த தம்பியின் பெயரை எழுதிவைத்த ஏடும் கிடையாது. உயிர் பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்குத் திரும்பியபோது அவர்களைத் தேடிவந்து கேட்டவர் எவருமில்லை. நீதியின் கதவு திறந்திருந்தது. அதற்குள் நுழைவதற்குரிய தாள் அவர்கள் கையில் இல்லை.

உதவி சிறிது வந்தது. இந்திய தேசிய காங்கிரஸ் 1946-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு மருத்துவக் குழு ஒன்றை அனுப்பியது. அதே ஆண்டில் நேருவும் மலாயாவுக்கு வந்து மக்களைச் சந்தித்தார். உள்நாட்டிலும் நல்லுள்ளங்கள் இருந்தன. சயாமிலிருந்து தப்பி வந்து அலோர் ஸ்டாரில் கதியற்றுக் கிடந்தோர்க்கு உறைவிடமும் உணவும் கிடைக்க முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் துங்கு அப்துல் ரகுமான். பின்னர் நாட்டின் முதற் பிரதமரான அவரே, இக்கதையின் இறுதிக் கட்டத்திலும் அரசின் தலைமையில் இருந்தார்.

இரும்பின் விலை

போருக்குப் பின் எழுந்த முதற் கணக்கு, பாதையைப் பற்றியது. பாதை யாருடையது? சயாம் எல்லைக்குள் கிடந்த பகுதியைத் தாய்லாந்து அரசு பன்னிரண்டரை இலட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. மலாயாவிலும் பர்மாவிலும் கிழக்கிந்தியத் தீவுகளிலும் இருந்து பெயர்த்துச் செல்லப்பட்ட தண்டவாளங்களுக்கும் வண்டிகளுக்கும் உரிய மதிப்பைக் கொண்டே அக்கணக்குப் பேசப்பட்டது. தம்பினிலும் கெமாசிலும் கழற்றப்பட்ட இரும்புக்கு ஒரு விலை உண்டு என்பதை அனைவரும் ஏற்றுக்கொண்டனர். அவ்விரும்பைத் தோளில் சுமந்து சென்று பதித்தவர்களுக்கு என்ன விலை என்று எவரும் அம்மேசையில் கேட்கவில்லை.

1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலாயா அன்று விடுதலை பெறாத நாடு. அதற்காகவும் சேர்த்துப் பிரிட்டனே கையெழுத்திட்டது. ஜப்பான் ஈடு செலுத்தக் கடமைப்பட்டது என்று ஏற்றுக்கொண்ட அவ்வுடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, முழுமையாகச் செலுத்தும் வசதி ஜப்பானிடம் இல்லை என்றும் கூறியது. கையெழுத்திட்ட நாடுகள், உடன்படிக்கை விலக்கு அளித்தவை நீங்கலாக, தங்கள் உரிமைக் கோரிக்கைகளைக் கைவிட்டன. இலங்கையின் சார்பில் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தனா புத்தரின் அறவுரையை நினைவூட்டித் தம் நாடு ஈடு கோராது என்று அறிவித்தார். இந்தியா அம்மாநாட்டில் கலந்துகொள்ளாமல், 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனி உடன்படிக்கை செய்து ஈட்டுரிமையைக் கைவிட்டது. அன்றைய உலகச் சூழலில் இவை பெருந்தன்மையான முடிவுகள். ஆயினும், தோட்டத் தொழிலாளிக்காக வழக்காடக்கூடிய இரண்டு அரசுகளும் இதனால் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன.

அதே உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு கவனத்திற்குரியது. நடுநிலை நாடுகளிலும் பகை நாடுகளாயிருந்தவற்றிலும் கிடந்த ஜப்பானியச் சொத்துகளை அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவிடம் ஒப்படைத்து, முன்னாள் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் பங்கிட அது வகை செய்தது. பிரிட்டிஷ் கைதி ஒருவருக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 76 பவுன். அது மிகக் குறைவு என்று அவர்கள் அரை நூற்றாண்டு போராடினர். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசே உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 10,000 பவுன் வழங்கியது. நெதர்லாந்து அரசு 1956-ஆம் ஆண்டில் ஜப்பானோடு பேசித் தன் பொதுமக்களுக்காக ஒரு கோடி அமெரிக்க டாலர் பெற்றுத் தந்தது. தன் குடிமக்களுக்காக வாதாட ஓர் அரசு இருந்தால் காலம் கடந்தேனும் கதவு திறக்கும் என்பதற்கு இவை சான்று. அதே பாதையில், அதே மழையில், அதே காலராவில் மாண்ட ஆசியத் தொழிலாளிக்கு 16-ஆம் பிரிவில் இடமில்லை. அவர் போர்வீரர் அல்லர், கூலி.

இரண்டு கப்பல்கள்

ஐம்பதுகளில் ஆசிய நாடுகள் ஒவ்வொன்றாக ஜப்பானோடு தனித்தனி ஒப்பந்தம் செய்தன. பர்மா 1954-ஆம் ஆண்டிலும், பிலிப்பைன்ஸ் 1956-ஆம் ஆண்டிலும், இந்தோனேசியா 1958-ஆம் ஆண்டிலும் ஈட்டு ஒப்பந்தங்களைக் கண்டன. பணமாகக் கொடுக்காமல் எந்திரங்களாகவும் கட்டுமானப் பணிகளாகவும் கொடுப்பதே வழக்கமாயிற்று. ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு வேலையும் பெறும் நாடுகளுக்கு வளர்ச்சியும் அதனால் கிட்டின. 1954-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பான் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்தது. ஜப்பானின் அரசு சார்ந்த வளர்ச்சி உதவி அந்நாளிலிருந்து தொடங்கியதாகவே அந்நாட்டினர் கணக்கிடுகின்றனர். ஆக, ஈடும் உதவியும் ஒரே வாய்க்காலில் கலந்து ஓடத் தொடங்கின.

1962-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சிக்லாப் பகுதியில் ஜப்பானியரால் கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகள் தோண்டியெடுக்கப்பட்டன. இரத்தக் கடன் என்னும் கோரிக்கை எழுந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன வணிகச் சங்கங்கள் அதனை முன்னெடுத்தன. தோட்டத் தமிழர் இழந்த உயிர்களும் பல்லாயிரம்; ஆனால் அவர்கள் குரலை அரசுகளின் மேசை வரை கொண்டு செல்லக்கூடிய செல்வமும் அமைப்பும் அவர்களுக்கு அன்று இல்லை. தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்காகவும் தோட்டத் துண்டாடலுக்கு எதிராகவும் போராடிக்கொண்டிருந்த காலம் அது. இருப்பவர் வயிற்றுக்கே போராட்டம் என்னும் நிலையில் இறந்தவருக்காகப் பேச யாருக்கு நேரம் இருந்தது?

1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் மலேசியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்தன. இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புள்ள பொருள்களையும் சேவைகளையும் ஜப்பான் வழங்குவதென்றும், போர்க்காலத்தின் துயர நிகழ்ச்சிகளால் எழுந்த பிரச்சினைகள் அனைத்தும் முற்றாகத் தீர்ந்தன என்றும் அவ்வொப்பந்தம் கூறியது. அத்தொகை இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. அக்கப்பல்கள், புதிதாகத் தோன்றிய மலேசிய அனைத்துலகக் கப்பல் நிறுவனத்தின் முதற் கப்பல்களாயின.

அரசின் முடிவை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. விடுதலை பெற்றுப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. நாட்டிற்கெனச் சொந்தக் கப்பல்கள் இல்லை, தொழில்கள் வேண்டும், ஜப்பானின் வணிகமும் கடனும் வேண்டும். இரண்டரைக் கோடி வெள்ளியை இலட்சக்கணக்கானோருக்குப் பங்கிட்டால் ஒருவருக்குச் சில வெள்ளிகளே கிட்டியிருக்கும். கப்பலாக வாங்கியதால் நாட்டிற்கு நிலையான சொத்துக் கிடைத்தது. இவ்வாறு வாதிடுவோர் கூற்றிலும் உண்மை உண்டு.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. கப்பல் நாட்டுக்குரியது. உயிர் யாருக்குரியது? கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுத் தனியே பால்வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த பெண்ணுக்கு, கடலில் மிதக்கும் கப்பலில் எந்தப் பங்கு உண்டு? உதவித் தொகையாக வேண்டாம். ஒரு சான்றிதழாக, ஒரு பெயர்ப் பலகையாக, உன் கணவன் இன்ன இடத்தில் மாண்டான் என்னும் ஒரு வரிக் கடிதமாகவேனும் அவளுக்கு ஏதும் வந்ததா? ஒப்பந்தம் நாடுகளுக்கிடையே கணக்கைத் தீர்த்தது. குடும்பங்களின் கணக்கை அது திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஐரோப்பா சென்ற வழி

இதே காலத்தில் ஐரோப்பாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஜெர்மனியும் இலட்சக்கணக்கானவர்களைக் கட்டாய வேலைக்குக் கொண்டு சென்றது. அதற்குப் பொறுப்பாயிருந்த சௌக்கல் என்பவர் நியூரம்பர்க் மன்றத்தில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு 1946-ஆம் ஆண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் தொழிலாளர்க்குரிய ஈடு, 1953-ஆம் ஆண்டின் இலண்டன் கடன் ஒப்பந்தத்தால் தள்ளிவைக்கப்பட்டது. அங்கும் அரசுகள் தமக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டு தனிமனிதரை மறந்தன.

ஜெர்மனி மீண்டும் ஒன்றானபின் நிலைமை மாறியது. வழக்குகள் எழுந்தன. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அரசும் தொழில் நிறுவனங்களும் சரிபாதியாகப் பொறுப்பேற்று ஆயிரம் கோடி மார்க் கொண்ட அறநிறுவனம் ஒன்றை அமைத்தன. போலந்து, உக்ரைன், ரஷ்யா, செக் குடியரசு முதலிய நாடுகளின் துணை நிறுவனங்கள் வழியே, 2007-ஆம் ஆண்டுக்குள் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட தனிமனிதர்கள் தங்கள் பெயரிலேயே தொகை பெற்றனர். ஜப்பானிலும் இதன் சிறு சாயல் தோன்றியது. சுரங்கங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் வதைபட்ட சீனத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளை அடுத்து, சில நிறுவனங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் அவர்களோடு இணக்கம் கண்டு நிதியமைத்தன. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாயிருந்தது ஒன்று: ஏடுகள் இருந்தன. இன்னார் இன்ன இடத்தில் வேலை செய்தார் என்று காட்டும் பட்டியல்கள் பேணப்பட்டிருந்தன.

நீதியையும் உதவியையும் இணைக்கும் எண்ணம் பின்னர் சட்டமாகவும் உருப்பெற்றது. 1998-ஆம் ஆண்டில் ரோம் நகரில் ஏற்கப்பட்டு 2002-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம், குற்றவாளியைத் தண்டிப்பதோடு நில்லாமல், பாதிக்கப்பட்டோர்க்கென ஒரு நிதியத்துக்கும் வழி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளின் வழக்குத் தொடுப்போரை ஒருங்கிணைக்க ஹேக் நகரில் ஓர் அமைப்பை நிறுவியது. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கு வளர்ச்சி உதவி வழங்கத் தான் செய்திருந்த கொத்தோனு ஒப்பந்தத்தை 2005-ஆம் ஆண்டில் திருத்தியபோது, அந்நீதிமன்றத்தோடு ஒத்துழைப்பது பற்றிய விதியையும் அதில் சேர்த்தது. உதவி பெறும் நாடு நீதிக்கும் தோள் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வலிமை மிக்க நாடுகள் தம் வசதிக்கேற்ப இவ்விதிகளைக் கையாள்கின்றன என்னும் குறைபாடும் எழாமலில்லை. மலேசியா 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ரோம் சட்டத்தில் இணைந்து, மறுமாதமே விலகிக்கொண்டது.

உதவி வேறு, ஈடு வேறு

ஜப்பான் மலேசியாவுக்குச் செய்த உதவிகள் பல. 1980களில் கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே சென்று கல்வியும் தொழிற்பயிற்சியும் பெற்றனர். போர்டிக்சன் கடற்கரையில் நிற்கும் துவாங்கு ஜாபார் மின்நிலையம் ஜப்பானிய யென் கடனுதவியோடு புதுப்பிக்கப்பட்டது. 1990களின் இறுதியில் ஆசிய நாடுகளைப் பொருளாதார நெருக்கடி வாட்டியபோது அவ்வுதவி உறுதி செய்யப்பட்டது. போர்டிக்சன் வட்டாரத்துப் பள்ளிகளில் எரியும் விளக்குக்கும் அம்மின்நிலையத்துக்கும் தொடர்பு உண்டு. அதை நன்றியோடு ஏற்பதில் தவறில்லை. இன்றைய ஜப்பானியர் மீது பகை பாராட்டுவதும் அறிவுடைமையாகாது. அவர்களில் பலர் போரின் கொடுமைகளைத் தாமே ஆராய்ந்து வெளிப்படுத்தியுள்ளனர்.

எனினும் உதவியும் ஈடும் ஒன்றல்ல. உதவி கொடுப்பவரின் விருப்பத்தில் பிறப்பது; ஈடு பெறுபவரின் உரிமையில் பிறப்பது. உதவி எதிர்காலத்தைப் பார்க்கிறது; ஈடு நடந்ததை ஒப்புக்கொள்கிறது. கடனாகத் தரப்பட்டதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உயிருக்கு ஈடாகத் தர வேண்டியதை எவரும் திருப்பிக் கேட்பதில்லை. 1994-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பிரதமர் கோலாலம்பூருக்கு வந்தபோது, ஐம்பதாண்டுகளுக்கு முன் நடந்ததற்கு ஜப்பான் தொடர்ந்து வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை என்னும் கருத்தை மலேசியப் பிரதமர் வெளியிட்டார். நாட்டின் தலைவர் என்னும் முறையில் அவர் எதிர்காலத்தை எண்ணியிருக்கலாம். தோட்டத்தில் காத்திருந்தவர்களைக் கேட்டு அம்முடிவு எடுக்கப்பட்டதாகச் சொல்வதற்கில்லை.

பெயர்களைத் தேடுதல்

காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. பல்லாயிரவரான ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய கல்லறைத் தோட்டம் அமையவில்லை. மாண்டவர்களுக்கென்று 1944-ஆம் ஆண்டிலேயே ஜப்பானியப் படை எழுப்பிய நினைவுத் தூணில் தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றன. அழித்தவர்களே எழுப்பிய அத்தூணிலும் தனி ஒருவரின் பெயர் இல்லை.

தமிழிலக்கியம் இக்கடமையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண இரயில் நாவலும், அ. ரெங்கசாமி எழுதிய நினைவுச் சின்னம் நாவலும் மலேசியத் தமிழர் தம் நினைவை எழுத்தில் காத்த முயற்சிகள். மன்றங்கள் கேட்கத் தவறிய வாக்குமூலங்களை நாவலாசிரியர்கள் செவிமடுத்தனர். ஆனால் நாவல் எழுப்பும் இரக்கத்தை உரிமைக் கோரிக்கையாக மாற்றுவதற்குப் பட்டியல் வேண்டும், நாள் வேண்டும், இடம் வேண்டும்.

அப்பணியைச் செய்யத் தகுந்த இடம் தமிழ்ப்பள்ளியே. பழைய தோட்டப் பள்ளிகளின் சேர்க்கை ஏடுகளில் 1942-க்குப் பின் திடீரென நின்றுபோன பெயர்கள் இருக்கலாம். தோட்ட அலுவலகங்களின் செக்ரோல் ஏடுகள் தோட்டங்கள் விற்கப்பட்டபோது குப்பைக்குச் சென்றிருக்கலாம். தப்பியவை எங்கேனும் ஒரு பெட்டியில் கிடக்கலாம். சயாமுக்குச் சென்று மீண்டவர்கள் இன்று அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனர். ஒரு வகுப்பு மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியிடம் சென்று, குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதினால் போதும். பத்துப் பள்ளிகள் அவ்வாறு செய்தால் ஒரு வட்டாரத்தின் பட்டியல் உருவாகும். மாநிலங்கள் சேர்ந்தால் ஒரு நாட்டின் ஏடு உருவாகும்.

அந்த ஏட்டினால் இனி ஈட்டுத்தொகை கிடைக்குமா என்பது சட்ட அறிஞர்கள் ஆராய வேண்டியது. கிடைக்காவிடினும் பெயர் தெரிந்துவிட்டால், ஏறத்தாழ முப்பதினாயிரம் என்னும் எண்ணிக்கைக்குள் புதைந்து கிடப்பவர்கள் மீண்டும் ஒருவரின் தந்தையாகவும் ஒருவரின் தமையனாகவும் ஆவார்கள். நாடுகளின் ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போன அவர்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் எழுத்தேனும் விட்டுவிடக் கூடாது. சுவா பெத்தோங்கிலும் தானா மேராவிலும் சுங்கை சாலாக்கிலும் படிக்கும் மாணவர்கள் இவ்வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். அடுத்த ஆண்டு கேட்பதற்கு ஆள் இருப்பார் என்பது உறுதியில்லை.